ஆங்கிலத்துள் ஒலிக்கும் பறை

நம் 'கட்டுமரம்' ஆங்கில அகரமுதலியில் 'கேட்டமரான்' என நிற்பதையும், 'சுருட்டு' 'செரூட்' எனவும், 'மிளகுத்தண்ணீர்' 'மல்லிகடானி' எனவும் திரிந்து வழங்குவதையும் எடுத்துச் சொல்லி மகிழ்வார் பலர். மகிழ்க! ஆனால், அதே அகரமுதலியில் 'பரையா' என்றொரு சொல்லும் உண்டே! அதனைச் சொல்லுங்கால் மட்டும் ஏனோ நாக் குழறுகின்றது.

பறை என்பது இசைக்கருவி; பறைதல் என்பது சொல்லுதல். பறை முழக்கியவன் பறையன். புறநானூற்றில் மாங்குடி கிழார் சிறந்த குடிகளாக எண்ணிக் கூறும் நான்கனுள், துடியன், பாணன், கடம்பன் என்பாரோடு அவனும் ஒருவன். பின்வந்த சாதிக்கொடுமை அவனை ஊர்ப்புறத்தே தள்ளியது. ஈங்கு வந்த மேலையர் அவ்விழிவையே அச்சொல்லின் பொருளாகக் கொண்டனர். 1821-இல் பிரெஞ்சு நாடகம் ஒன்றற்கும், 1824-இல் செருமானியப் பாவலர் கதேயின் பாடலுக்கும் அதுவே தலைப்பாயிற்று. உலகம் ஒதுக்கிவைக்கும் நாட்டையும் ஆங்கிலத் தாளிகைகள் இன்று அச்சொல்லாலேயே சுட்டுகின்றன. ஒலியைத் திரித்தவர் வெள்ளையர். பொருளைத் திரித்து அவர் கையிற் கொடுத்தவர் யார்? தமிழரல்லரோ?

1893-இல் ரெட்டைமலை சீனிவாசனார் ஓர் இதழ் தொடங்கினார். அதன் முகப்பில் அவர் பொறித்த பெயர், 'பறையன்'.