நின்றுபோன காரை ஆராய்தல்

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைச் சிலர் இன்றும் பேணி வருகின்றனர். 1962இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. ஆதலால் இரண்டிற்கும் பல நோய்கள் பொது.

ஒரு சித்திரை நண்பகலில், கீரனூருக்கருகே, நண்பரின் ஹெரால்டு நின்றுவிட்டது. புளியமர நிழலில் அரைமணி இருந்தோம், மறுபடி கிளம்பிற்று. நண்பர் மகிழ்ந்தார். எனக்கோ வருத்தம், சான்று மறைந்துவிட்டதே! வெப்பத்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்பின் வேலையைத் தடுத்திருக்கலாம். அன்றி, தீப்பொறி தரும் காயிலோ கண்டென்சரோ சூடேறிச் சோர்ந்திருக்கலாம். குளிர்ந்தால் இரண்டும் தேறிவிடும்.

சிறிது தொலைவில் மீண்டும் நின்றது. இம்முறை சூடு ஆறுமுன் பிளக்கைக் கழற்றினோம். முனை உலர்ந்திருந்தது. அதனைக் கம்பியோடு சேர்த்து, துளைக்கு எட்ட, எஞ்சின் உலோகத்தில் பொருத்திச் சுழற்றினோம். குடை நிழலில் நீலப் பொறி பளிச்சிட்டது. பொறி இல்லையேல் பிளாட்டினம் பாயிண்டைப் பார்த்திருப்போம்; (பெயர்தான் பிளாட்டினம், உலோகம் டங்ஸ்டன்!)

பிளக்கை மாட்டிவிட்டு, பெட்ரோல் பம்பின்மேல் மட்டும் ஈரத்துணி சுற்றினோம். காயில் சூடாகவே இருந்தது. சில நிமிடங்களில் எஞ்சின் உறுமிற்று.