நிழலும் புலப்படமும்
(திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். கணக்காசிரியர் இல்லாத ஒரு பருவத்தில் வடிவியல் பாடமும் என் தலையில் விழுந்தது. ‘வடிவொத்த முக்கோணங்கள்’ என்னும் தலைப்பைக் கண்டதும் பாதி அச்சம் நீங்கிற்று. வடிவு ஒத்தவை, அளவு ஒத்தவை அல்ல. பொருளைச் சொல்லே உரைத்துவிடுகிறது. கோணங்கள் மாறா, பக்கங்கள் யாவும் ஒரே தகவில் பெருகும், அல்லது சுருங்கும்.

பள்ளி முற்றத்துப் பனையை அளக்கப் புறப்பட்டோம். நிலத்துக்கு மேல் 4 அடி நிற்குமாறு ஒரு கோலை நிமிர நட்டோம். அதன் நிழல் 3 அடி. அதே நேரத்தில் பனையின் நிழல் 36 அடி. கதிரவன் மிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் இரண்டின்மேலும் இணையாகவே விழுகின்றன. ஆகவே நிழல் 12 மடங்கானால் உயரமும் 12 மடங்கு. பனை 48 அடி. ஆனால், ஒரு குழுவினர் பனை நிழலை உணவுக்கு முன்னும் கோல் நிழலை உணவுக்குப் பின்னும் அளந்தனர். அதற்குள் கோல் நிழல் 3.6 அடியாக நீண்டுவிட்டது. அவர்கள் கணக்கில் பனை 40 அடியாகிக் குறுகிப்போயிற்று!

கிரேக்க அறிஞர் தேலீசு, எகிப்து நாட்டுக் கூர்ங்கோபுரத்தின் உயரத்தை நிழலால் கண்டார் எனப் பின்வந்த நூலோர் எழுதினர். பிரமிடு என்று நாம் கேள்விப்படுவது அதுவே. அதில் ஒரு நுட்பம் உண்டு. கீசாவிலுள்ள பெருங்கோபுரத்தின் அடிப்பக்கம் ஏறத்தாழ 230 மீட்டர். கட்டிய காலத்து உயரம் ஏறத்தாழ 147 மீட்டர். (மீட்டருக்குத் தமிழில் எச்சொல் ஆள்வது என்பதில் நாம் இன்னும் ஒன்றுபடவில்லை, அதற்காக அளவு வேலை நிற்க வேண்டியதில்லை.) நட்ட கோலின் நிழலும் கோலும் ஈடாக இருக்கும் வேளையில், கோபுர நிழல் ஒரு பக்கத்துக்கு நேராக விழுவதாகக் கொள்வோம். அப்போது வெளியே தெரியும் நிழல் 32 மீட்டரே. மீதி 115 மீட்டர் கோபுரத்தின் அடியிலேயே மறைந்து கிடக்கிறது. உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்தன்றோ நிழலை அளக்க வேண்டும்!

இனி நம்மூர்ச் செய்திக்கு வருகிறேன். என் பழைய மாணவன் ஒருவனின் தாயார், தம் பங்கு நிலத்தை விற்கவிருந்தார். பங்கின் எல்லையைப் புலப்படத்தில் கோடிட்டுப் படியெடுத்திருந்தனர். வாங்குவோர் அப்படியின்மேல் கோல் வைத்து அளந்தார். நீளம் 8 செண்டிமீட்டர், அகலம் 4. ஓரத்தில் 1 : 1000 என்று எழுதியிருந்தது. எனவே 80 மீட்டருக்கு 40 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 79 செண்டு என்று ஆவண வரைவும் ஆகிவிட்டது.

“ஐயா, என் வீட்டுக்காரர் ஒரு காணிக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருப்பாரே” என்று அவ்வம்மையார் வந்து நின்றார். ஒரு காணி 132 செண்டு.

படத்தை வாங்கிப் பார்த்தேன். புலத்தின் வெளிவரப்பு ஒன்றின்மேல் 200 மீட்டர் என்று எண் எழுதியிருந்தது. 1 : 1000 மெய்யானால் அக்கோடு தாளில் 20 செண்டிமீட்டர் இருக்க வேண்டும். இருந்ததோ 16! படியெடுக்கும் பொறி தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கிவிட்டது. ஓரத்து எழுத்தும் சிறுத்தது. எழுதிய எண் மட்டும் மாறவில்லை. வாங்குவோரைக் குறைகூறுவதற்கில்லை, அவர் படித்தது எழுதியிருந்ததையே. கணிப்பொறியிலிருந்து அச்சிடும் படங்களுக்கும் இதே இடர் உண்டு.

அத்தாளில் 1 செண்டிமீட்டர் உண்மையில் 12.5 மீட்டர். எனவே பங்கு நிலம் 100 மீட்டருக்கு 50 மீட்டர். ஏறத்தாழ 123 செண்டு. நீளம் ஐந்தில் நான்காகச் சுருங்கினால், பரப்பு இருபத்தைந்தில் பதினாறாகச் சுருங்கும். இங்கேதான் படித்தவரும் இடறி விழுகின்றனர். இன்னொன்று: குறுக்கே ஓடும் வேறொரு கோட்டையும் இவ்வாறே ஒப்பிட்டேன், அதே தகவு வந்தது. நெடுக்கும் குறுக்கும் வெவ்வேறு தகவில் சுருங்கியிருந்தால் அது வடிவொத்த படமே அன்று. அதைக் கொண்டு எதையும் அளத்தல் ஆகாது.

ஆயினும் தாள் தாளே. “அம்மா, நில அளவர் சங்கிலி இழுத்த பிறகே கையெழுத்திடுங்கள்” என்றேன். அவ்வாறே அளந்தார்கள். 99 மீட்டரும் 50 மீட்டரும் வந்தன. வரைவிலிருந்த 79-ஐ அடித்துவிட்டு, ஆவண எழுத்தர் 122 என்று எழுதினார்.