தெளிந்த பிளாஸ்டிக்கும் தவறிய மையும்



கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றில் வாழும் சிறுவன் ஒருவனை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். கொழும்பிலே தொழில் புரியும் அவனுடைய மாமா, விடுமுறைக்கு வரும்போது விளையாட்டுக் கார் ஒன்றின் மேற்கூட்டை வாங்கி வருகிறார். வர்ணம் பூசப்படாத, கண்ணாடிபோல் ஊடுருவிப் பார்க்கத்தக்க பிளாஸ்டிக்குக் கூடு அது. வர்ணமும் கோலமும் வாங்கியவரே தீட்ட வேண்டும். சிறுவன் கறுப்பு மார்க்கர் பேனையை எடுத்து, கூட்டின் உட்புறத்தில் யன்னல்களுக்குக் கரை கட்டுகிறான். கதவிலே 5 என்ற இலக்கத்தை எழுதுகிறான். வெளிப்புறமாகத் திருப்பிப் பார்த்தால் இலக்கம் இடம்வலம் மாறிக் கிடக்கிறது. கரையும் கோணலாகி விட்டது.

அழுகுரல் கேட்டு வீட்டார் உதவிக்கு விரைகின்றனர். அக்காள் நகப்பூச்சு நீக்கும் திரவத்தைக் கொண்டு வருகிறாள். அயல் வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து சிறிது பெற்றோல் எடுத்துத் தருகிறார். துடைக்கத் துடைக்க மை போகிறது. ஆனால் மையோடு கூட்டின் தெளிவும் போய்விடுகிறது. மூடுபனி படிந்தாற்போல் வெண்மையும், மயிரிழை போன்ற வெடிப்புகளுமே எஞ்சுகின்றன.

நேயர்களே, இதனை அற்ப விடயம் என்று தள்ளிவிட வேண்டாம். மிச்சம்பிடித்து வாங்கிய பொருள் பாழாவது ஒரு புறமிருக்க, விறகடுப்பு எரியும் லயக் காம்பராவிலே பெற்றோலைத் திறப்பது உயிருக்கே ஆபத்தானது. அதன் ஆவி காற்றிலும் கனமானது; தரையோடு தவழ்ந்து சென்று அடுப்பை எட்டக் கூடியது. ஆகவே, இவ்வாறான கறையைப் பொருளுக்கும் ஆளுக்கும் கேடின்றி நீக்குவது எவ்வாறு என்று இன்று சிந்திப்போம்.

கரைத்தல் என்பது யாது? இறப்பர்த் தோட்டத்தவருக்கு இதனை விளக்குவது எளிது. உறையவைத்து உலர்த்திய இறப்பர்த் தகட்டைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவிட்டாலும் அது கரைவதில்லை. அதனையே பெற்றோலில் இட்டால் ஊதிப் பருத்து இளகிவிடுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் இயல்புக்கு இசைந்த கரைப்பான் உண்டு. மார்க்கர் மையிலே சாயமும், அதனைப் பற்றவைக்கும் பிசினும், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் ஒரு திரவமும் உள்ளன. திரவம் ஆவியாகியதும் சாயமும் பிசினும் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீர் அவற்றைக் கரைப்பதில்லை. பெரும்பாலான மைகளை அற்ககோல் கரைத்துவிடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இம்மையைக் கரைப்பது எது என்பது முதலாவது. அது மைக்கு அடியிலுள்ள பொருளைக் கரைக்காதா என்பது இரண்டாவது. முதற் கேள்வியோடு நின்றுவிடுவதாலேயே பொருள்கள் பாழாகின்றன.

இத்தகைய கார்க் கூடுகள் பெரும்பாலும் பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. 1953ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஹேர்மன் ஷ்னெல் என்பவரும், அமெரிக்காவில் டானியல் பொக்ஸ் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டுபிடித்தனர். மோதினாலும் எளிதில் உடையாத உறுதி இதன் சிறப்பு. ஆயினும் நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசற்றோன், வர்ணத் தின்னர், பெற்றோல் ஆகியவை இதற்குப் பகை. ஐசோபுரொப்பைல் அற்ககோலோ சிறிது நேரத் தொடுகையில் இதற்குத் தீங்கு செய்வதில்லை. மருந்துக் கடைகளில் இது கிடைக்கும். 2020ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் காலம் முதல் பல வீடுகளில் இருக்கும் கைத்தொற்று நீக்கியிலும் அற்ககோலே முக்கிய சரக்கு. அவசரத்துக்கு அதுவும் உதவும்.

இனிச் செய்முறை. அடுப்பையும் விளக்கையும் விட்டு விலகி, காற்றோட்டமுள்ள இடத்தில் அமருங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்; அற்ககோலும் தீப்பற்றும், அருந்தினால் நஞ்சாகும். முதலில் கூட்டைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்துங்கள். மணல் ஒட்டியிருந்தால் துடைக்கும்போது கீறும். பின்பு கண்ணிற் படாத ஒரு மூலையில் ஒரு துளி இட்டுச் சோதியுங்கள். தெளிவு மாறாவிட்டால், பஞ்சை நனைத்து மையின்மீது சில விநாடி ஒற்றுங்கள். கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லத் துடையுங்கள். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் கறை பரவும். ஒவ்வொரு முறையும் புதிய பஞ்சையே எடுங்கள்.

அற்ககோல் இல்லாதவிடத்து, பாடசாலைகளில் வெண்பலகைக்குப் பயன்படும் மார்க்கரால் பழைய கோட்டின்மேல் வரைந்து, உலருமுன் துடைத்துவிடலாம். அதிலுள்ள திரவம் பழைய மையை இளக்கும். பற்பசையாற் தேய்ப்பாரும் உளர். அதிலுள்ள நுண்துகள்கள் மையோடு மேற்பரப்பையும் உரசிவிடும். இரத்தினபுரியிலே கல் பட்டை தீட்டுவோர் கீறல் விழுந்த கல்லை மீண்டும் தேய்த்து ஒளிபெறச் செய்வர். கல் கடினமானது, தேய்ப்பதற்கு இடமும் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக்குக் கூட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

மை முழுவதும் போயிற்றா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிறிது எஞ்சியிருந்து, அதன்மேல் வர்ணம் பூசினால், வர்ணத்தின் கரைப்பான் அதனை மீண்டும் இளக்கிப் பரப்பிவிடும். வர்ணம் பூசிய பின்னரோ, மையைத் துடைக்கும்போது வர்ணமும் பெயரக்கூடும். எனவே திருத்தமெல்லாம் வர்ணத்துக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

தவறே நேராமற் காப்பது இன்னும் நன்று. இலக்கத்தை மெல்லிய தாளில் எழுதி, எழுதிய பக்கம் வெளியே தெரியுமாறு கூட்டின் வெளிப்புறத்தில் ஒட்டுங்கள். உள்ளேயிருந்து நோக்கினால் அது தலைகீழாக அன்றி, இடம்வலம் மாறித் தெரியும். அவ்வாறே உட்புறத்தில் வரைந்தால் வெளியிலிருந்து பார்ப்போருக்குச் சரியாக அமையும்.

இவ்வறிவு விளையாட்டுப் பொருளுக்கு மட்டும் உரியதன்று. மூக்குக்கண்ணாடி வில்லைகள் பலவும், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் முகமறைப்பும் இதே பொலிகாபனேற்றினால் ஆனவையே. கவசத்திற் பட்ட வர்ணத்தைத் தின்னரால் துடைத்தால், இரவிலே மலைப்பாதையில் எதிரே வரும் வாகனத்தின் ஒளி அந்த வெடிப்புகளில் சிதறி, வழியையே மறைத்துவிடும்.

முடிவாக ஒன்று. 1770ஆம் ஆண்டிலே ஜோசப் பிறீஸ்லி என்னும் ஆங்கில அறிஞர், பென்சிற் கோட்டை அழிக்க ஒரு மரப்பால் கட்டி உதவுவதை எழுதிவைத்தார். தேய்த்து அழிப்பது என்ற பொருளிலேயே ஆங்கிலத்தில் அதற்கு இறப்பர் என்ற பெயர் வழங்கலாயிற்று. 1876இல் அம்மரத்தின் நாற்றுகள் கெனரத்கொடைக்கு வந்தன. நம்மவர் தலைமுறை தலைமுறையாக அதிகாலையில் பால் வெட்டும் அந்த மரம், தவறைத் திருத்தும் தொழிலாலே பெயர் பெற்ற மரம். அம்மர நிழலில் வளரும் பிள்ளை ஒரு கோட்டைத் தவற விட்டால், அவனை ஏசாமல் அருகிருத்தி, பஞ்சையும் பொறுமையையும் அவன் கையில் கொடுங்கள். கறை நீங்கும்; கூடும் தெளிவாகவே இருக்கும்; பிள்ளையும் ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வான்.