மலையும் காலக்கெடுவும்



அமராவதி நகரில் வாழ்பவர்க்கு மலை நாள்தோறும் கண்ணெதிரே நிற்பது. வடக்கே உடுமலைவரை சமவெளி. தெற்கே அணைக்கு அப்பால் ஆனைமலைத் தொடர். சமவெளியில் வல்லவன் மலையில் எளியவன் ஆவதை நான் கண்டது இப்பகுதியில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் கூடி, இளைஞர்களுக்கு மூன்று நாள் சைக்கிள் பந்தயம் நடத்தினோம். முதல் நாள் சமவெளி. அடுத்த இரு நாட்களும் ஆழியாற்றுக்கு மேலே வால்பாறைச் சாலையின் வளைவுகள். முதல் நாள் வென்றவன் திரண்ட உடற்கட்டுடைய ஓர் இளைஞன். இரண்டாம் நாள் அவன் கெடுவுக்கு நான்கு நிமிடம் பிந்தித் தனியே வந்தான். விதிப்படி அவனை நீக்கினேன். மூன்றாம் நாள் பன்னிருவர் ஒன்றாகப் பிந்தி வந்தனர். அவர்களை நீக்கினால் பந்தயமே இல்லை என்று சேர்த்துக்கொண்டோம். ஓரமாக நின்றிருந்த அவன், “ஐயா, நேற்று நானும் பன்னிரண்டு பேராக வந்திருக்க வேண்டுமோ?” என்றான். எனக்கு விடை தோன்றவில்லை.

இவ்வினா நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1903இல் தொடங்கிய ‘டூர் டி பிரான்ஸ்’ என்னும் பெரும் பந்தயத்திலும் உண்டு. அங்கே ஒவ்வொரு நாளும், வென்றவர் எடுத்த நேரத்தோடு ஒரு விழுக்காட்டைக் கூட்டிக் கெடு விதிப்பர். வென்றவர்க்கு ஐந்து மணி நேரம், விழுக்காடு பத்து எனில், ஏனையோர்க்கு அரை மணி நேரமே மிகுதி. பாதை கடினமாயின் விழுக்காடும் உயரும். கெடு இல்லையேல், மலையில் ஓய்ந்து ஊர்ந்துவிட்டு மறுநாள் புதுத்தெம்புடன் பாயலாம் அன்றோ?

ஆனால் இறுதிப் பாய்ச்சலில் வல்ல வீரர்கள் பலர் கனத்த உடலினர். எண்பது கிலோ எடையினர் அறுபது கிலோ எடையினரோடு ஒரே வேகத்தில் மலையேற, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகுதியான ஆற்றல் வேண்டும். சமவெளியிலோ, மெலிந்தவர் கூட்டத்தின் நடுவே காற்றுக்கு ஒதுங்கி எளிதில் வந்துவிடுவார். ஆகவே கெடுவின் கூர்முனை பெரும்பாலும் கனத்தவரையே தாக்குகிறது. அவர்களும் மலையில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, நேரத்தைக் கணக்கிட்டு ஏறுகின்றனர்.

2011இல் கலிபியே மலை நாளில் எண்பத்தெட்டு வீரர்கள் கெடுவைக் கடந்தனர். எவரும் நீக்கப்படவில்லை, இருபது புள்ளிகள் மட்டும் குறைக்கப்பட்டன. அவர்களுள் ஒருவரான மார்க் கேவண்டிஷ் அவ்வாண்டின் பச்சைச் சட்டையை வென்றார். 2021இல் தீன்யே மலை நாளில் பிந்தியவர் ஒரு சிலரே. பாய்ச்சல் வீரர் ஆர்னோ தெமார் உட்பட அவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அன்று கேவண்டிஷ் ஏறக்குறைய ஒன்றரை நிமிட இடைவெளியில் தப்பி, மீண்டும் பச்சைச் சட்டை பெற்றார். 2024இல் தம் முப்பத்தைந்தாவது வெற்றியால் எடி மெர்க்ஸின் சாதனையையும் கடந்தார்.

கெடு அநீதியா? அன்று என்பேன். மலையும் பந்தயத்தின் பகுதியே; கடினத்துக்கேற்பக் கெடு நீள்வதும் நேர்மையே. ஆனால் தனியொருவனிடம் கல்லாக நிற்கும் விதி, கூட்டத்தின்முன் மெழுகாக உருகுமாயின், அங்கேதான் நீதி பிழைக்கிறது. பலர் பிந்தினால் புள்ளி குறைப்பது போதும் எனில், ஒருவர் பிந்தினாலும் அதுவே போதும். கெடுவைத் தாராளமாக வகுங்கள். வகுத்தபின் ஆள்கணக்குப் பாராதீர்கள். வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது மன்றங்களுக்கு மட்டுமா? ஆடுகளத்துக்கும் அன்றோ?

மறு ஆண்டு எங்கள் கெடுவைச் சற்று நீட்டினோம். பிந்துபவர் ஒருவராயினும் பலராயினும் தண்டனை ஒன்றே என எழுதி வைத்தோம். அவ்விளைஞன் மீண்டும் வந்தான். மலையில் கடைசியாகவே ஏறினான். ஆனால் கெடுவுக்குள் ஏறினான்.