மலை விட்ட வழி: பாலக்காட்டுக் கணவாயும் கொங்கின் தொல்குடிகளும்



புவியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் பொழிவு இது. நானும் அவரிடம் படித்தவன். ஆடி மாதத்தில் எங்களை வெளியே அழைத்துச் சென்று, புழுதியை வாரி அடிக்கும் காற்றுக்கு எதிரே நிறுத்தி, “இது எந்த வழியாக வருகிறது?” என்று கேட்பார். அந்தக் கேள்வியையே இன்று என் பொழிவாக எடுத்துக்கொள்கிறேன்.

சுமார் 1,600 கி.மீ. நீளும் மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு விலகி நிற்கிறது. இருபுறமும் 2,600 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். நடுவே 300 மீட்டருக்கு மேல் ஏறாத தரை. பாலக்காட்டுக் கணவாய் எனப்படும் இந்த வாசலில் நுழைவதுதான் நம் ஆடிக்காற்று. எகிப்திலிருந்து புறப்பட்ட கப்பல்களைப் பண்டைய மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியில் கொண்டுவந்து சேர்த்ததும் இதே தென்மேற்குப் பருவக்காற்றுதான்.

காற்று வரும், அதனோடு மழை அவ்வளவாக வராது. மழைமறைவில் கிடக்கும் கோவைப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 650 மி.மீ. மழைதான். சோழநாட்டைப் போல வண்டல் வயல் இங்கே பரவவில்லை. கம்பும் சோளமும் விளைந்த மானாவாரி நிலமும், கிளுவை வேலியிட்ட கொறங்காடும், அதில் மேயும் மாடுகளும் கொங்கின் வாழ்வாயின.

மேல்மண் கொடுக்காததைப் பாறை கொடுத்தது. படியூரில் கடல்வண்ணப் பெரில் கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், அரசம்பாளையத்தில் பளிங்கு, சென்னிமலையில் இரும்புத் தாது. இவற்றுக்கெல்லாம் நடுவே, நொய்யலின் வடகரையில் அமைந்தது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்பது அறிஞர் கருத்து.

1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகள் ஒரு தொழிலூரையே நம் கண்முன் நிறுத்தின. இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. துளையிட்டது, துளையிடாதது, பாதி மெருகேற்றியது என மணி செய்யும் ஒவ்வொரு நிலைக்கும் சான்று கிடைத்தது. ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளம் இந்த மண்ணின் கல் அன்று. குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கே கிடைத்த, லாபிஸ் லசூலி எனப்படும் நீலநிற மணிக்கல்லோ ஆப்கானிஸ்தானத்தது. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கீறிய பெயர்களுள் பிராகிருதப் பெயர்களும் உள்ளன. தொலைவிலிருந்து வந்தவர்கள் இங்கே தங்கிப் பழகியிருக்கிறார்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? பாக் நீரிணையின் ஆழமற்ற கடல் பெரிய கப்பல்களுக்குத் தடை. அதனால் முசிறியில் இறங்கிய சரக்கு கணவாய் வழியே நொய்யலை ஒட்டி நடந்து, கரூரை அடைந்து, காவிரியோடு கீழைக்கடலுக்குப் போக முடிந்தது. இந்தத் தடத்தில்தான் உரோமானிய நாணயப் புதையல்கள் செறிந்து கிடைக்கின்றன. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் இருந்தன.

பிற்காலச் சோழர் இதே வழியை இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டுக் காத்தனர். கோவைக்கு மேற்கே பாறையில் அந்தப் பெயர் வட்டெழுத்திலும் தமிழெழுத்திலும் இருக்கிறது, இருபுறத்து மக்களும் படிக்கட்டும் என்பதுபோல. 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன இரயில் பாதையும் இந்த வாசலைத்தான் தேடி வந்தது.

நான் சொல்ல விரும்புவது இதுதான். மழை குறைந்த நாட்டில் மக்களைத் தங்க வைத்தவை கைத்தொழிலும் திறந்த வழியும். கொங்கின் உழைப்பைப் புகழும்போது, வந்தவருக்கு இடம் கொடுத்த பழக்கத்தையும் சேர்த்தே புகழ வேண்டும். இன்று வேலை தேடி வடக்கிலிருந்து திருப்பூரில் வந்து இறங்கும் இளைஞர்கள் அந்தப் பழைய வரிசையின் தொடர்ச்சிதான்.

ஒரு வருத்தமும் உண்டு. கொடுமணலுக்கு அருகே நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீர் பயிருக்கு ஆகாமல் போனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. மணிகளுக்கு மெருகேற்றியவர்கள் குடித்த ஆறு அது. மலை விட்ட வழியை நாம் உண்டாக்கவில்லை; ஆற்றைக் காப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. ஆசிரியரின் நினைவுக்கு நாம் செய்யும் மரியாதை அங்கே தொடங்கட்டும்.