சிறுவர் நீதியும் குடும்ப நீதியும்: நீதியரசர் கிருஷ்ண ஐயர்

(இறக்காமத்தில் இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நீதிபதி ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நீதிபதி என்றதும் கொலை வழக்கும் கொள்ளை வழக்கும் அரசியல் வழக்கும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் இன்று எடுத்துக்கொண்டவை அத்தகையன அல்ல. தாபரிப்புக் கேட்டு வந்த மனைவியின் வழக்கு, கணவன் கைவிட்ட பெண்ணின் விவாகரத்து வழக்கு, குற்றக் கூண்டில் ஏற்றப்பட்ட பன்னிரண்டு வயதுப் பையனின் வழக்கு ஆகியவற்றையே எடுத்துக்கொண்டேன். இவற்றைச் சில்லறை வழக்குகள் என்று சொல்லிவிடுவோர் உண்டு. சில்லறையா அல்லவா என்பது அந்தப் படியேறி நின்றவர்களுக்கே தெரியும்.

நான் பேசப்போகும் பெரியார் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ் மரபில் வந்த குடும்பம், தந்தையாரும் வழக்கறிஞர். நம் காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்று, சென்னையில் சட்டம் பயின்று, மலபாரின் தலச்சேரியில் தொழில் நடத்தினார். 1948ஆம் ஆண்டு, கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தாரென்ற காரணத்தால் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார். சிறையின் உள்ளே இருந்து பார்த்தவர் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். பின்னர் அது நமக்கு வேண்டும். 1957இல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் சட்டமும் சிறைச்சாலைகளும் அவர் பொறுப்பில் இருந்தன. 1968இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. 1973 முதல் 1980 வரை இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி. 2014ஆம் ஆண்டு டிசம்பரில், தமது நூறாவது பிராயத்தை எட்டிய சில நாட்களில் மறைந்தார். (அங்கே உயர்நீதிமன்றம் என்பது மாநிலத்துக்கு உரியது. நம் நாட்டு வழக்கோடு அதனைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

அவர் சிறுவர் நீதிமன்றத்திலோ குடும்ப நீதிமன்றத்திலோ அமர்ந்தவர் அல்லர். அங்கிருந்து மேலேறி வந்த வழக்குகளைத் தீர்த்தவர். ஆனால் அந்த வழக்குகளில் அவர் கேட்ட கேள்வி ஒன்றுண்டு. தீர்ப்புச் சொன்ன மறுநாட் காலையில் இந்தப் பெண் எதைக் கொண்டு அடுப்பு மூட்டுவாள்? இந்தப் பையன் சிறையை விட்டு வரும்போது யாராய் வருவான்? சட்டப் புத்தகம் தீர்ப்போடு மூடப்படுகிறது. அவரோ மறுநாளையும் தம் வேலையாக எண்ணினார். என் பேச்சு முழுவதும் இதைப் பற்றியதே.

முதலில் 1970ஆம் ஆண்டு கேரள உயர்நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. ஏறக்குறைய 15 வயதில், 1962இல் மணமுடித்து வைக்கப்பட்ட ஒரு முஸ்லிம் பெண். கணவனுக்கு அவளிலும் கிட்டத்தட்ட இருமடங்கு வயது. கலியாணம் முடிந்த மறுநாளே அவன் கோயம்புத்தூரில் தான் நடத்திய றேடியோக் கடைக்குப் போய்விட்டான். மாமியார் வீட்டில் ஒரு மாதம் இருந்தவள் தாய்வீடு திரும்பினாள். அவன்மேல் அவளும் அவள்மேல் அவனுமாகக் குற்றம் சாட்டினர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவன் ஒரு சதமும் அனுப்பவில்லை. அவள் விவாகரத்துக் கேட்டாள். முதல் நீதிமன்றம் மறுத்தது, அடுத்தது கொடுத்தது, கணவன் உயர்நீதிமன்றத்துக்கு வந்தான். 'நான் வைத்து வாழத் தயார், வராதவள் அவள்தான்' என்பது அவன் கட்சி.

இங்கேதான் சட்டம் படிக்கும் திறனைக் காண்கிறோம். இந்தியாவில் 1939இல் வந்த முஸ்லிம் விவாக இரத்துச் சட்டத்தில், இரண்டாண்டு தாபரிக்கத் தவறினால் மனைவி விவாகரத்துப் பெறலாம் என்று ஒரு பிரிவு உண்டு. மூன்றாண்டு தாம்பத்தியக் கடமை செய்யத் தவறினால் பெறலாம் என்று வேறொரு பிரிவும் உண்டு. பின்னதில் 'தகுந்த காரணமின்றி' என்ற சொற்கள் இருக்கின்றன. முன்னதில் அவை இல்லை. சட்டம் எழுதியோர் ஓரிடத்தில் வைத்ததை மற்றோரிடத்தில் விட்டிருந்தால், அதை நினைத்தே விட்டனர் என்றார் கிருஷ்ண ஐயர். யார் பிழை என்று தேடவேண்டியதில்லை. தாபரிக்கவில்லை, எனவே கட்டு அவிழலாம். அந்தப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

அவர் அதோடு நிற்கவில்லை. முஸ்லிம் கணவன் நினைத்த மாத்திரத்தில் மனைவியைத் தள்ளிவிடலாம் என்று பலரும் எண்ணுவது இஸ்லாமிய நெறிக்கே பொருந்தாது என்று, அம்மார்க்கத்தின் மூலங்களைப் படித்து எழுதினார். அந்த எழுத்தை 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் எடுத்து ஆண்டது. 2017இல், ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது செல்லாதென்று தீர்ப்பளிக்கப்பட்ட பெருவழக்கிலும் அது பேசப்பட்டது.

இந்துவாய்ப் பிறந்த நீதிபதி இதை எழுதினாரே என்று நம்மில் சிலர் மார்தட்டக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. அந்த முஸ்லிம் பெண் நம்பி வந்த சட்டம் 1939இல் பிறந்தது. இந்துப் பெண்ணுக்கு விவாகரத்து உரிமை இந்தியாவெங்கும் கிடைத்தது 1955இல்தான். அதுவும் பெரும் எதிர்ப்புக்குப் பின்னர். பதினாறு ஆண்டு பிந்தியவர்கள் முந்தியவர்களுக்குப் பாடம் சொல்லப் போகலாகாது. கிருஷ்ண ஐயர் பாடம் சொல்லவில்லை. அவர்களுடைய நூலைத் திறந்து, அதற்குள்ளேயே அந்தப் பெண்ணுக்கு நியாயம் இருக்கிறதென்று காட்டினார். வாசலில் நின்று கல்லெறிவது வேறு. உள்ளே சென்று விளக்கேற்றுவது வேறு. முஸ்லிம் அயலவரோடு வயலையும் வாய்க்காலையும் பகிர்ந்து வாழும் இந்த ஊரில் இந்த வேறுபாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கேரளப் பெண் புகுந்த வீட்டில் ஒரு மாதம் அந்நியளாய் இருந்து மீண்டாள். நம் கிழக்குக் கரையிலோ, தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைப்பதே வழக்கம். கணவன் போய்விட்டாலும் கூரை பெண்ணோடு நிற்கும். நம் முன்னோர் இதனை எந்தச் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார்களோ தெரியாது! ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் தகப்பன்மாரும் சகோதரரும் படும் கடன் துன்பத்தை நினைத்தால் முழுமனத்தோடு புகழவும் நா எழவில்லை. கூரை இருந்தாலும் உலையில் போட அரிசி வேண்டும். அதற்குத்தான் தாபரிப்பு வழக்கு.

தாபரிப்பில் அவர் சொன்ன தீர்ப்புகள் மூன்றைச் சொல்கிறேன். 1978இல் ஒரு வழக்கு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதம் 'மொத்தத்தில்' 500 ரூபாவுக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்றது அக்காலச் சட்டம். மொத்தம் என்றால் எல்லாருக்கும் சேர்த்தா, ஒவ்வொருவருக்குமா? சேர்த்துத்தான் என்றால் ஐந்து பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் ஒரே அளவு. ஒவ்வொருவருக்கும் அந்த எல்லை தனித்தனியே உண்டு. மொத்தம் என்பது ஒருவருடைய உணவு, உடை, உறையுள் எல்லாவற்றையும் கூட்டிச் சொன்னது என்று அவர் பொருள் கண்டார். ஒரு சொல்லில் எத்தனை பிள்ளைகளின் சோறு இருந்தது பாருங்கள்!

அதே 1978இல் மும்பாயிலிருந்து வந்த வழக்கில், 1962இல் தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு மஹர் 5000 ரூபாவும் இத்தாக் காலத்துக்கு 180 ரூபாவும் கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்றான் கணவன். அந்தத் தொகை அவள் உயிர் வாழப் போதுமானதா என்று கணக்குப் பார்த்தார் நீதிபதி. மஹர் வேறு, வயிற்றுப்பாடு வேறு. முன்னது பின்னதற்கு ஈடாகத்தக்க அளவினதாய் இருந்தாலன்றிக் கடமை தீராது என்றார். 1980இல் ஆந்திரத்திலிருந்து இன்னொருத்தி வந்தாள். கணவன் வங்கி உத்தியோகத்தன். கொடுத்ததோ 500 ரூபா மஹரும் 750 ரூபா இத்தாப் பணமும். கீழே இருந்த மூன்று நீதிமன்றங்களும் அவன் பக்கம் நின்றன. அவற்றையெல்லாம் புரட்டிப்போட்டு, முன்சொன்ன தீர்ப்பைக் கீழ் நீதிமன்றங்கள் தட்டிக்கழிக்க முடியாதென்று கண்டித்தார்.

இதன் பின்கதையை மறைத்தல் முறையன்று. 1985இல் ஐந்து நீதிபதிகள் கூடி இவ்வழியையே உறுதி செய்தபோது, இந்திய முஸ்லிம்களிடையே பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. தங்கள் வேதத்துக்குப் பிறர் பொருள் சொல்வதா என்ற மனத்தாங்கலை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1986இல் பாராளுமன்றம் வேறு சட்டம் செய்தது. ஆயினும் 2001இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டத்துக்கே பொருள் கூறுகையில், இத்தாக் காலத்துக்குள் கொடுக்கவேண்டியது அவளுடைய வருங்காலத்துக்கும் போதுமான ஏற்பாடாய் இருக்கவேண்டும் என்றது. சுற்றிச் சுற்றி அந்த மறுநாட் கேள்விக்கே வந்து சேர்ந்தார்கள்.

இனிச் சிறுவர் பக்கம் வருவோம். 1977இல் பீஹாரிலிருந்து ஒரு மேன்முறையீடு. தமையன்மார் இருவரோடு சேர்ந்து கொலைத் தாக்குதலில் ஈடுபட்ட போது அவனுக்கு வயது 12. அறியாப் பருவம் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. கூர்மையான ஆயுதத்தால் வெட்டியவனுக்கு அதன் விளைவு தெரியாதென்று சொல்ல முடியாது என்றார். நான்காண்டுச் சிறையை உறுதி செய்தார். 'இவரா கருணையாளர்?' என்று நீங்கள் கேட்கலாம். கருணை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. அவர் அங்கேதான் தம் வேலையைத் தொடங்கினார். சிறைக்குள் அவனுக்குத் தகுந்த வேலை கொடுக்கவேண்டும். மனம் அமைதியுறத் தியானம் பயில வகை செய்யவேண்டும். நடத்தை கண்டு இடையிடையே பரோலில் வீட்டுக்கு விடவேண்டும். இப்படி ஒரு தனி மனிதனுக்காகச் சிறை அதிகாரிகளுக்கு வழிகாட்டினார். 1948இல் கம்பிக்குப் பின்னால் இருந்தவரல்லவா? தியானத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியதைக் கேலி செய்தோரும் உண்டு. வெறுஞ் சுவரைப் பார்த்து நான்காண்டு இருந்தவன் எப்படித் திருந்துவான் என்பதைக் கேலி செய்தோர் சொல்லவில்லை.

1979இல் உத்தரப் பிரதேசத்து வழக்கு இன்னும் கொடியது. 10 முதல் 14 வயதுக்குட்பட்ட பையன்கள் மூவர் ஒரு சிறுமிக்குத் தீங்கிழைத்தனர். அந்த மாநிலத்தில் 1951இலேயே சிறுவர் சட்டம் இருந்தது. கீழ் நீதிமன்றங்கள் அப்படி ஒரு சட்டம் இருப்பதையே மறந்து, பெரியவர்களுக்குப் போல் சிறை விதித்துவிட்டன. சட்டம் இருந்தும் அலமாரியில் தூங்கினால் என்ன பயன் என்று அவர் சினந்தார். சென்னை மாகாணத்தில் 1920இலேயே சிறுவர் சட்டம் பிறந்தது. இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது 1986இல். அந்த 1986இல்தான் பெண் கைதிகளைப் பற்றி ஆராயும் தேசியக் குழுவுக்கு ஓய்வுபெற்ற அவரைத் தலைவராக்கினார்கள். பெண்களும் சிறுவரும் பிடிபடும்போது அவர்களைக் கையாளப் பொலிசில் பெண்கள் மிகுதியாய் வேண்டும் என்று அக்குழு சொன்னது.

அவரிடம் குறை இல்லையா? உண்டு. அவருடைய ஆங்கிலம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டியது. யாருக்காகத் தீர்ப்பு எழுதப்பட்டதோ அவர்களுக்கு ஒரு வரியும் விளங்காது. இதைவிடப் பெரிது இன்னொன்று. 2011இல் பெண்கள், சிறுவர் நலன் பற்றிக் கேரள அரசுக்கு அறிக்கை தந்த குழுவுக்கு அவரே தலைவர். இரண்டு பிள்ளைக்கு மேல் பெறும் குடும்பத்துக்குத் தண்டமும் சிறையும் அதில் பரிந்துரைக்கப்பட்டன. சமயத் தலைவர்கள் பலர் எதிர்த்தனர். அவர்கள் எதிர்த்தது சரியென்றே நான் கருதுகிறேன். தகப்பனைச் சிறைக்கு அனுப்பினால் அந்த மூன்றாவது பிள்ளையின் மறுநாள் எப்படி விடியும் என்று, வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்ட கேள்வியை அவர் அங்கே கேட்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் 1939இல் நமக்குக் கிடைத்தது. தனிச் சிறுவர் நீதிமன்றங்களோ தீவு முழுவதிலும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகையால் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ அம்பாறையிலோ உள்ள நீதவான் நீதிமன்றமே சிறுவர் நீதிமன்றமாய் அமரும். வழக்கமான வழக்குகளோடு கலவாமல் வேறிடத்திலோ வேறு நேரத்திலோ அமரவேண்டும் என்பது விதி. எட்டு வயது கடந்த பிள்ளையையும் குற்றவாளி எனலாம் என்றிருந்த தண்டனைச் சட்டக்கோவை 2018இல்தான் திருத்தப்பட்டு, அந்த எல்லை 12 ஆயிற்று. 12 முதல் 14 வரை, பிள்ளையின் அறிவு முதிர்ச்சியை நீதவான் ஆராய்ந்து பார்க்கவேண்டும்.

தம்பிமாரே, இந்தச் சட்டத்தில் உங்களுக்கென்றே ஓரிடம் இருப்பதைப் பலர் அறியார். பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, வேறிடம் அனுப்புவதா என்று தீர்மானிக்கும் முன் நீதவான் அவனுடைய வீட்டு நிலையையும் பள்ளிக்கூட நிலையையும் அறியவேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் ஊருக்கு வந்து விசாரிப்பார். அவ்வேளையில் ஊரார் செய்வது என்ன? 'நமக்கேன் வம்பு' என்று படலையைச் சாத்துவது. பையன் களவெடுத்தான் என்று பொலிசுக்குச் சொல்ல ஒன்பது பேர் போவர். அவன் தாய் வெளிநாட்டில், தகப்பன் குடியில், பாட்டிக்குக் கண் தெரியாது என்று உத்தியோகத்தரிடம் சொல்ல ஒருவர் வரார். பெற்றோரிடம் விடமுடியாத பிள்ளையை, பொறுப்பேற்கச் சம்மதிக்கும் தகுந்த ஆளிடம் ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அவர் உறவினராய்த்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அப்படி ஒருவரும் முன்வராதபோதுதான், பிள்ளை ஊரையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுத் தொலைவிலுள்ள இல்லத்துக்குப் போகிறான்.

சங்கத்தின் இவ்வாண்டு வேலைகளைப் பற்றிச் செயலாளர் சற்றுமுன் வாசித்தார். அந்த அறிக்கையில் விளையாட்டுப் போட்டியும் அன்னதானமும் இருந்தன. பிரதேச செயலகத்துக்குப் போய் நன்னடத்தை உத்தியோகத்தரைக் கண்டு, நம்மில் இருவர் மூவரின் பெயரைக் கொடுத்துவர ஒரு காலைப்பொழுது போதும். அதனை யார் செய்வதென்று, கூட்டம் கலைவதற்கு முன் தலைவர் கேட்பாராக.