இரவில் சுமந்த மாவு மூட்டை
(ஜும்ஆ உரையின் சுருக்கம்)



இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பின் முதல் ஹதீஸாக நிய்யத்தைப் பற்றிய ஹதீஸையே அமைத்தார்கள். எண்ணம் பழுதானால் அமலும் பழுதாகும் என்பதை உணர்த்த இதுவே போதும்.

இதனை வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர், இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களின் புதல்வர் ஜைனுல் ஆபிதீன் (ரஹ்) அவர்கள். மதீனாவில் அவர்களைக் கஞ்சர் எனக் கருதியோரும் இருந்தனர். அவர்கள் வஃபாத்தானதும், ஏறத்தாழ 100 வீடுகளுக்கு இரவில் வந்துகொண்டிருந்த உணவு நின்றுபோனது. கொடுத்தவர் யாரென அப்போதுதான் ஊர் அறிந்தது. ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்கள், மூட்டை சுமந்த தழும்பை அவர்களின் முதுகில் கண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

சகோதரர்களே! தர்மத்தை மறைத்தது இக்லாஸ். கஞ்சர் என்ற பழியைத் தாங்கிக்கொண்டது நற்குணம். முன்னதைவிடப் பின்னதே கடினம்.

நம் பள்ளிவாசல் மின்விசிறிகளில் அன்பளித்தோர் பெயர் எழுதப்பட்டுள்ளது. ஆண்டறிக்கையில் நன்கொடையாளர் பட்டியல் வெளியாகிறது. கணக்குத் தெளிவாக இருக்க அது தேவையே. வெளிப்படையாக ஈவதை மார்க்கம் தடுக்கவும் இல்லை. ஆனால், பட்டியலில் நம் பெயர் தவறுதலாக விடுபட்டால் மனம் என்ன பாடுபடுகிறது? நிர்வாகிகளிடம் சினந்து, மறு ஆண்டு கையை மூடிக்கொண்டால், நாம் யாருக்காகக் கொடுத்தோம்?

வாரம் ஒரு நற்செயலையேனும் வீட்டாரும் அறியாமல் செய்து பழகுவோம். செய்த உதவியைச் சொல்லிக்காட்டாத நாவையும், பழி கேட்டும் பொறுக்கும் உள்ளத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.